குழந்தையின் முதல் தீம் பார்க் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் சின்னதாக ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறோம். முழுப் பரீட்சை லீவு நெருங்கும்போதும், யாருக்காவது பிறந்தநாள் வரும்போதும், சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்கள் கேட் பக்கம் நின்று ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட்டு எழுதியே வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, எந்த வயசுல கூட்டிட்டுப் போலாம்?

பார்க் வாசலில் வயதைக் கேட்பதைவிட உயரத்தைத்தான் அளப்பார்கள். அதனால் வீட்டிலேயே செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். வொண்டர்லா பார்க்கில் 85 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 140 வரை குழந்தைக் கட்டணம். மூன்று வயதுப் பிள்ளை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் இருக்கும், ஐந்து வயதில் 110 பக்கம் வரும். பெரிய ராட்டினங்களுக்கும் உயரமான சறுக்குகளுக்கும் 120, 140 என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஆக, விளம்பரத்தில் பார்க்கிற ராட்டினங்களில் பாதிக்கு மேல் உங்கள் பிள்ளைக்குக் கிடையாது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

என் கணக்கில் நாலு வயது நல்ல வயது. ஒண்ணுக்கு வருகிறது, பயமாக இருக்கிறது, பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஈரோட்டிலோ கோவையிலோ உள்ள வ.உ.சி. பூங்காவும் ஒரு ஐஸ்கிரீமும் தாராளமாகப் போதும்.

நம்ம பக்கத்துல எது எது இருக்குதுங்க?

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டில், மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் தண்ணீர் பார்க். கோவையில் பேரூர் பக்கம் கோவை கொண்டாட்டம். கணவாயைத் தாண்டிப் பாலக்காடு போனால் மலம்புழா. அங்கே அணை, பூங்கா, ரோப் கார் எல்லாம் இருக்க, பக்கத்திலேயே ஃபேன்டசி பார்க்கும் இருக்கிறது. இன்னும் தள்ளிப் போனால் கொச்சி வொண்டர்லா. 2000-ல் வீகாலாண்ட் என்ற பெயரில் திறந்தது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, பெங்களூரைத் தாண்டி மைசூர் ரோட்டில் பிடதியில் உள்ள வொண்டர்லா தோதாக இருக்கும்.

அதிரப்பள்ளி அருகே சில்வர் ஸ்டார்ம் இருக்கிறது. பொள்ளாச்சிக்காரர்கள் வால்பாறை வழியாக அப்படியே இறங்கிவிடலாம் என்பார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவதற்கே 40 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்புறம் மளுக்கப்பாறை வழியாகக் காட்டு ரோடு, சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு வேறு. வண்டியில் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் அந்த யோசனையை விட்டுவிட்டுப் பாலக்காடு, திருச்சூர், சாலக்குடி வழியாகச் சுற்றிப் போவதே மேல்.

மொத தடவைக்கு வொண்டர்லாவா, பிளாக் தண்டரா?

எது பக்கமோ அது. பார்க்கின் தரத்தைப் பற்றிய பேச்சில்லை இது, பிள்ளையின் தெம்பைப் பற்றியது. திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். கொச்சி என்றால் காரில் நாலரை, ஐந்து மணி நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, தூக்கக் கலக்கத்தில் வண்டியில் போட்டு, பதினொரு மணிக்குப் பார்க் வாசலில் இறக்கினால், அந்தக் குழந்தை அன்றைக்கு எதற்கும் சிரிக்காது. அதன் மேல் குற்றமில்லை.

கொச்சிதான் என்று முடிவு செய்துவிட்டால் முதல் நாளே ரயிலில் போய் ராத்திரி தங்கிவிடுங்கள். ஆலுவாவில் இறங்கினால் பார்க்குக்குக் கார் பிடித்துப் போகிற தூரம்தான். நாலு வயதுப் பிள்ளைக்கு ரயிலே பாதித் திருவிழா.

எப்போ போனா கூட்டம் கம்மியா இருக்கும்?

ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் பள்ளி லீவு, கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். காலாண்டு, அரையாண்டு லீவும் அப்படித்தான். கேரளப் பார்க் என்றால் ஓணம் லீவையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பனியன் கம்பெனிகள் மொத்தமாக மூடும்போது திருப்பூரே கிளம்பி மேட்டுப்பாளையம் போகும். அந்த நாட்களில் வரிசையில் நிற்பதுதான் முக்கிய விளையாட்டாக இருக்கும்.

பள்ளி நடத்துகிறவளே இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பிப்ரவரியில் ஒரு செவ்வாயோ புதனோ லீவு போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வெயிலும் அதிகம் ஏறியிருக்காது, வரிசையும் இருக்காது. ஜூன், ஜூலையில் கணவாய்க் காற்றும் சாரலும் இருப்பதால் தண்ணீரிலிருந்து ஏறியதும் சின்னப் பிள்ளைகள் நடுங்கிப்போவார்கள்.

மேட்டுப்பாளையம் போக இ-பாஸ் எடுக்கணுமாமே?

2024 மே முதல் நீலகிரி மாவட்டத்துக்குள் போகும் வெளியூர் வண்டிகளுக்குத்தான் இ-பாஸ். மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், அதனால் பார்க்குக்கு மட்டும் போய்த் திரும்புவதற்கு வேண்டியதில்லை. ஆனால் ஊட்டி சீசனில், அதிலும் சனி ஞாயிறில், மலை ஏறுகிற வண்டிகள் மேட்டுப்பாளையம் ஊருக்குள்ளேயே அடைத்து நிற்கும். அந்த நெரிசலில் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும்.

அப்படியே ஊட்டியும் பார்த்துவிடலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். வேண்டாமுங்க. ஊட்டிக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

டிக்கெட் அங்கேயே போய் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் முதல் நாளே அந்தந்தப் பார்க்கின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள். சாதாரண நாள், விடுமுறை நாள் என்று கட்டணம் மாறும். பிறந்தநாள் சலுகை இருந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள்.

முன்னாடியே சொல்லிடலாமா, சர்ப்ரைஸா வச்சுக்கலாமா?

பெரியவர்களுக்குத்தான் சர்ப்ரைஸ் பிடிக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு எங்கே போகிறோம், அங்கே என்ன இருக்கும், யாரெல்லாம் வருவார்கள் என்று தெரிந்தால்தான் தைரியம். இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லுங்கள். செல்போனில் அந்தப் பார்க்கின் வீடியோவைப் போட்டு, குழந்தைகள் பகுதியை மட்டும் காட்டுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடாதீர்கள். தினம் விடிந்ததும் “இன்னிக்கா?” என்று கேட்டு உங்களைத் தூங்க விடாது.

நிச்சயமில்லாத எதையும் வாக்குக் கொடுக்க வேண்டாம். “உன்னைய அந்தப் பெரிய ராட்டினத்துல ஏத்தறேன்” என்று மாமா ஆசை காட்டியிருப்பார். அங்கே போனால் உயரக் கோல் அருகே நிறுத்தித் திருப்பி அனுப்புவார்கள். அந்த அழுகையை நிறுத்த மத்தியானம் ஆகிவிடும்.

என்ன துணி எடுத்துட்டுப் போறது? அம்மிச்சி சேலையில வந்தா உள்ள விடுவாங்களா?

பாட்டி சேலையில் தாராளமாக வரலாம். தண்ணீருக்குள் இறங்குகிறவர்களுக்குத்தான் கட்டுப்பாடு. நைலான், பாலியஸ்டர் மாதிரித் துணி கேட்பார்கள். பருத்தி, ஜீன்ஸ், சேலை, சுடிதார் துப்பட்டாவோடு இறங்க விடமாட்டார்கள். பனியன் ஊரில் இருந்துகொண்டு அங்கே போய் வாடகைத் துணி எடுப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். இங்கேயே குழந்தைக்கு முழுக்கை நீச்சல் உடை ஒன்று வாங்கிவிடுங்கள், வெயிலுக்கும் பாதுகாப்பு. டயப்பர் போடுகிற வயது என்றால் நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பர் வேண்டும். சாதாரண டயப்பர் தண்ணீரைக் குடித்து முழங்காலுக்குத் தொங்கும்.

தங்கச் செயின், கொலுசு, வளையல், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவையுங்கள். தொலைந்துபோகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சறுக்கில் வருகையில் எதிலாவது மாட்டினால் தோலைக் கிழித்துவிடும். மாற்றுத் துணி இரண்டு செட், துண்டு இரண்டு, ஈரத்துணி போட ஒரு பை, வழுக்காத ரப்பர் செருப்பு. வேறொன்றும் பெரிதாக வேண்டாம்.

புளிசாதம் கட்டிட்டுப் போலாமுங்களா?

பெரும்பாலான பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தை உணவுக்குப் பொதுவாக விலக்குக் கொடுப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வர முடியுமா என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் முடியாது.

உள்ளே நுழைவதற்கு முன் வண்டியில் வைத்தே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். அரிசிம்பருப்பு சாதமோ இட்லியோ, பிள்ளைக்குப் பழகிய சாப்பாடாக இருக்கட்டும். உள்ளே போனதும் தயிர்சாதம் கிடைத்தால் போதும். சாப்பிட்ட உடனே சுற்றுகிற ராட்டினத்தில் ஏற்றாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் தாகம் தெரியாது, அரை மணிக்கொரு தரம் நீங்களாகவே குடிக்கக் கொடுங்கள்.

அங்க போய் பயந்து அழுதா என்ன பண்றது? எங்க வீட்டுக்காரர் ஏத்திவிட்டா சரியாப் போயிடும்ங்கறார்.

ஆகாது. அழ அழ ஏற்றிவிட்ட பிள்ளை இறங்கும்போது அமைதியாக இருப்பதைப் பார்த்து, பயம் போய்விட்டது என்று நினைக்கிறோம். அநேகமாக அது களைத்துப் போயிருக்கும். அடுத்த ராட்டினத்தின் பக்கம் போனதும் காலைக் கட்டிக்கொள்ளும். “ஆம்பளப் பையன் அழலாமா” என்று சித்தப்பா சொல்வதும், அழுகிற முகத்தை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவதும் அதைவிட மோசம்.

நான் சொல்கிற வரிசை இது. உள்ளே போனதும் எதிலும் ஏறாமல் கால் மணி நேரம் சும்மா நடங்கள். சத்தம், கூட்டம், கரடி வேஷம் போட்டுக் கைகொடுக்க வருகிற ஆள், எல்லாம் கண்ணுக்குப் பழகட்டும். அப்புறம் தரையோடு சுற்றுகிற ஏதாவது ஒன்று, குதிரை ராட்டினமோ குட்டி ரயிலோ. முதலில் வேறு பிள்ளைகள் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு சுற்று பார்க்கட்டும். அது எங்கே நிற்கும், எப்போது இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்ததுமே பாதிப் பயம் போய்விடும். ஏறுகிறாயா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே கையைப் பிடித்து அங்கே இழுத்துப்போவது நிறைய நடக்கும்.

ஒரே குட்டி ரயிலில் ஐந்து தடவை ஏற வேண்டும் என்று அடம்பிடித்தாலும் ஏற்றுங்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும் என்ற கணக்கு நம்முடையது. பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

எங்க பையன் தோட்டத்துத் தொட்டியில நல்லா ஆட்டம் போடுவான். தண்ணிப் பயமே இல்லை. அவனுக்குமா லைஃப் ஜாக்கெட்?

அவனுக்குத்தான் முதலில் வேண்டும். மோட்டார் தண்ணீர் விழுகிற தொட்டியில் ஆழம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும், கூட இரண்டு பேர்தான் இருப்பார்கள். அலைக்குளத்தில் இடுப்பளவு இருந்த தண்ணீர் அடுத்த நொடி தலைக்கு மேல் வரும், சுற்றிலும் முன்பின் தெரியாத நூறு கால்கள். பயமில்லாத பிள்ளை கையை உதறிவிட்டு ஓடும்.

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்திக் கூப்பிடாது. மூச்சுக்கே போராடுகையில் குரல் வராது, கையாட்டவும் முடியாது. பக்கத்திலேயே நின்றாலும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாமல் போய்விடும். அதனால் எப்போதும் கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். “எல்லாரும் பார்த்துக்குவோம்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்த அரை மணி அப்பா, அடுத்த அரை மணி அம்மா என்று பெயர் சொல்லிப் பொறுப்பு மாற்றுங்கள். காற்று ஊதிக் கையில் மாட்டுகிற வளையங்களை நம்பாதீர்கள், அவை விளையாட்டுப் பொருள். அலைக்குளத்தில் அலை தொடங்கும் முன் சங்கு ஊதினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் வந்துவிடுங்கள். ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கணுக்கால் ஆழக் குழந்தைகள் குளமே போதும் என்பது என் கருத்து.

கூட்டத்துல கையை விட்டுட்டா?

காலையில் உள்ளே நுழைந்ததும் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பிள்ளையின் முன்கையில் உங்கள் செல் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக் குழந்தை நம்பிவிடும். கண்ணைப் பறிக்கிற மஞ்சளோ ஆரஞ்சோ உடுத்திவிடுங்கள். நீலம் தண்ணீரில் தெரியாது.

காணாமல் போனால் அங்கேயே நிற்க வேண்டும், யூனிஃபார்ம் போட்ட அக்காவிடமோ அண்ணனிடமோ சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள், மற்ற இடமெல்லாம் அப்புறம்.

போன வாரம்தான் பழனியில மொட்டையடிச்சு, மாமன் மடியில வச்சுக் காது குத்தினோம். இப்போ போலாமா?

மொட்டைக்கு மட்டும் என்றால் தொப்பியோடு போகலாம். புதிதாக மழித்த தலை வெயிலில் சீக்கிரம் கன்றிவிடும், அதனால் காலை நேரமும் நிழலும் முக்கியம். கத்தி பட்ட கீறல் இருந்தால் ஆறும் வரை பொறுங்கள்.

காது குத்தியிருந்தால் தண்ணீர் விளையாட்டு வேண்டாம். பல பேர் இறங்குகிற குளத்துத் தண்ணீர் பட்டால் புண் சீழ் பிடிக்கக்கூடும். ஆறு வாரமாவது போகட்டும். மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மன் கோயிலில் காலையில் கிடாய் வெட்டு, மத்தியானம் அப்படியே பார்க் என்று திட்டம் போடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விருந்தும் வெயிலும் தண்ணீரும் ஒரே நாளில் சின்ன வயிற்றுக்கு ஒத்துக்காது.

லேசா சளி இருக்குது, மூக்கு ஒழுகுது. டிக்கெட் எடுத்தாச்சு.

மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் தண்ணீரை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம். காய்ச்சல், வீசிங், காதுவலி இருந்தால் டிக்கெட் காசை மறந்துவிடுங்கள். வலிப்பு வந்த பிள்ளை, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்காமல் திட்டமே போடக்கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்தில் இறக்கவே கூடாது. அது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதல்.

திரும்பும்போது ஈரத்தலையோடு ஏசி காரில் உட்கார வைக்காமல் நன்றாகத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றி ஏற்றுங்கள்.

பெரியவனுக்கு ஒம்பது, சின்னவளுக்கு மூணு. ரெண்டு பேரையும் எப்படிச் சமாளிக்கிறது?

பிரிந்துவிடுங்கள். முதல் பதிலில் சொன்ன உயர வரம்புப்படி பெரியவனுக்குக் கிடைக்கிற ராட்டினம் எதுவும் சின்னவளுக்குக் கிடைக்காது. இருவரையும் ஒன்றாகவே வைத்திருந்தால் ஒருவர் எப்போதும் வரிசைக்கு வெளியே காத்திருக்க வேண்டிவரும். காலையில் பெரியவனோடு அப்பா, சின்னவளோடு அம்மா, சாப்பிட்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம். அம்மாவுக்கும் ராட்டினம் ஏற ஆசை இருக்கும் என்பதை வீட்டில் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

வேன் பிடிச்சு அப்பாரு, அப்பத்தா, அத்தை குடும்பம்னு பதினெட்டுப் பேரு போறோம். பிரச்சனை ஏதாச்சும் வருமா?

பெரியவர்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பைகளோடு நிழலில் உட்கார ஆள் கிடைக்கும், களைத்த பிள்ளைக்கு மடியும் கிடைக்கும். ஆனால் வேன் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் மூடும் நேரம் வரை வெளியே வரமாட்டார்கள். சின்னக் குழந்தை உள்ள குடும்பம் தனிக் காரில் போய்விடுவது நல்லது. முடியாவிட்டால் கிளம்பும் நேரத்தை வேனில் ஏறும் முன்பே எல்லார் முன்னிலையிலும் பேசி முடித்துவிடுங்கள்.

மச்சாண்டார் பையனை சிங்கப்பூர் டிஸ்னிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நாங்களும் நேரா அங்கேயே போயிடலாமா?

சிங்கப்பூரில் டிஸ்னி பார்க் இல்லை. அங்கே சென்டோசா தீவில் இருப்பது யுனிவர்சல் ஸ்டுடியோஸ். டிஸ்னிதான் வேண்டும் என்றால் நமக்குக் கிட்டே இருப்பது 2005-ல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலாண்ட். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் போவது சுலபம்தான். விசா வேண்டும், குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும்.

ஆனால் அங்கேயும் உயரக் கோல்தான். யுனிவர்சலில் 102, 125 சென்டிமீட்டர் என்று ராட்டினத்துக்கு ராட்டினம் வரம்பு உண்டு. நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், காலையில் ஏழரைக்கு எழுப்பினால் பிள்ளையின் உடம்புக்கு அது ஐந்து மணி. நாலு வயதில் போனால் அந்தப் பெருஞ்செலவு பெற்றோருக்கான சுற்றுலா. அப்படி நினைத்துப் போனால் தப்பில்லை. பிள்ளைக்காக என்றால் ஏழு, எட்டு வயது வரை பொறுக்கலாம்.

அவ்வளவு காசு குடுத்துட்டு மத்தியானமே கிளம்பறதா? மூடுற வரைக்கும் இருந்தாத்தானே பிரயோசனம்?

சின்னப் பிள்ளையோடு போனால் மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள் என்பேன். நான் சொல்கிற எல்லாவற்றிலும் அப்பாக்கள் ஒத்துக்கொள்ளாதது இது ஒன்றுதான். உங்கள் பிள்ளை வழக்கமாக மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்கும்? அந்த நேரம் தாண்டினால் இன்னும் வேண்டும் என்று அழும், ஏற்றினால் இறக்கு என்று அழும். மூன்று மணிக்குக் கிளம்பினால் அன்னூர் வருவதற்குள் தூங்கிவிடும், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் போய்க் கதை சொல்லும். ஆறரைக்குக் கிளம்பினால் வண்டியில் அடம், வழியில் ஓட்டல் சாப்பாடு, ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டே வீடு.

மனசு கேட்கவில்லை என்றால் இரண்டு வேலைகள் செய்யலாம். அரைநாள் கட்டணமோ மாலைச் சலுகையோ அந்தப் பார்க்கில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்து, மத்தியானம் தூங்க வைத்து, மறுநாள் காலை மெதுவாகக் கிளம்புங்கள். பார்க்கிலேயே தங்கும் விடுதியும் இருந்தால் அறையோடு டிக்கெட்டும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். சில நேரம் தனித்தனியாக எடுப்பதைவிடக் குறைவாக முடியும்.